சமையற்காரிக்கு வாய் கொடுத்த மெக்கி ஆன்ட்டி

மீன் வாங்குவதற்கு முன்னால் மெக்கி ஆன்ட்டி ஒரு வார்த்தை வாங்கிவிடுவார். வெள்ளிக்கிழமை காலையில், கேப் டவுனை ஒட்டிய மிட்செல்ஸ் ப்ளெய்னில் எங்கள் தெருமுனைக்கு மீன் வண்டி வந்து கொம்பு ஊதியதும், துணிப்பையும் பென்சிலுமாக இறங்கிப் போவார். நீள ஸ்நூக் மீன் ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே மீன்காரரைக் கேட்பார்.

“ஏம்ப்பா தாவூது, ஆளு தெரியாம ஒருத்தருக்கு ஒருத்தன் மரியாத குடுத்துடறான். அப்புறம் ஆளு யாருன்னு தெரிஞ்சதும் குடுத்த மரியாதைய திருப்பிக் கேக்கறான். அவன நீ என்னன்னு சொல்லுவ?”

“என் மச்சான்னு சொல்லுவேன் ஆன்ட்டி.”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை. தலைமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, மூக்கில் இருந்ததைத் தலைக்கு ஏற்றி, போன வார ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் ‘மச்சான்’ என்று எழுதிக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு. நன்றிப்பா.” பிறகு தராசுத் தட்டில் கிடந்த மீனிடமும் நன்றி சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

நன்றி சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி. கெட்டிலுக்குச் சொல்வார், ரயிலுக்குச் சொல்வார், இழுத்ததும் திறந்துகொள்கிற கதவுக்குச் சொல்வார். நகரத்துச் சதுக்கத்தைப் பார்த்து நிற்கும் எங்கள் பழைய தேவாலயத்தில் அவர் கோயில்குட்டி; திறப்பது, பூட்டுவது, துடைப்பது எல்லாம் அவர் வேலை. நான் அங்கே ஆர்கன் வாசிப்பவன், பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் பூட்டைத் திறந்தால்தான் எனக்கு வேலை. இருபத்து மூன்று சாவிகள் கோத்த வளையம் ஒன்று அவர் இடுப்பில் தொங்கும். அதில் ஒன்பது சாவிகளுக்குப் பூட்டே கிடையாது. தூக்கிப் போட்டுவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். “பூட்டு எங்கயோ இருக்கும் வாத்தியாரே. அதுவும் நம்மளத் தேடிக்கிட்டுத்தான் இருக்கும்” என்றார்.

அறுபத்தெட்டு வயது. குள்ளம். தென்கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் சதுக்கத்தைக் கடக்கும்போது பைக்குள் இரண்டு வேதப்புத்தகம் வைத்துக்கொள்வார், காற்று தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க. கோயில் வேலைக்கு வருவதற்கு முன் முப்பத்தொரு வருடம் மலைச்சரிவில் ஒரு பெரிய வீட்டில் சமையல் செய்தார். அந்த வருடங்களைப் பற்றி அவராக எதுவும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு தடவை, ஆர்கன் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்.

“விருந்தாளி வந்தா என்னப் பத்தித்தான் கத சொல்லுவாங்க வாத்தியாரே. மெக்கி அன்னிக்கு இப்படிச் சொன்னா, மெக்கி இந்த வார்த்தைய தப்பா சொன்னான்னு. நான் அங்கதான் சூப்பு ஊத்திக்கிட்டு நிப்பேன். எல்லாரும் சிரிப்பாங்க. வீட்டம்மா கெட்டவ இல்ல. எனக்கு முதல் கண்ணாடி வாங்கிக் குடுத்ததே அவதான். ஆனா ஒரு நாளாச்சும், ‘மெக்கி, நீ ஒரு கத சொல்லேன்’னு அவ கேக்கல.”

குழாயைத் துடைத்து முடித்து, குழாய்க்கு நன்றி சொன்னார்.

எங்கள் கோயில் கட்டடம் ஒரு காலத்தில் நாடகக் கொட்டகையாக இருந்தது என்பது சபையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. டச்சு அதிகாரிகளும் பிறகு ஆங்கிலேய அதிகாரிகளும் அங்கே நாடகம் போட்டார்கள். கொட்டகை நொடித்தபோது, அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களுக்குப் பள்ளிக்கூடமாகி, கோயிலாகிவிட்டது. மூன்று வருடங்களுக்கு முன் ஆன்ட்யெ என்கிற ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ஒருவர் அளவுநாடாவோடு வந்தார். ஜெர்மன் நாடகங்கள் எந்தெந்தக் கப்பலில் ஏறி எந்தெந்தத் துறைமுகத்தில் இறங்கி நடிக்கப்பட்டன என்பதுதான் அவர் படிப்பு. நாடாவின் ஒரு முனையை மெக்கி ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். என் ஆர்கன் நிற்கும் இடத்தில்தான் மேடை இருந்தது என்று கணக்கில் வந்தது.

“இங்க ஜெர்மன் நாடகங்க டச்சு மொழியில நிறைய நடந்திருக்கு. எல்லாம் சிரிப்பு நாடகம்” என்றார் ஆன்ட்யெ.

ஆன்ட்டி நாடாவை விடாமல் கேட்டார். “எதச் சொன்னப்ப சிரிச்சாங்க?”

ஆன்ட்யெ விழித்தார். எத்தனை டிக்கெட், எத்தனை மெழுகுவர்த்தி, எந்த அதிகாரி எந்த வேஷம், எல்லாம் அவருக்குத் தெரியும். இது தெரியவில்லை. ஊருக்குப் போய்ப் பார்த்து எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் பலர் உண்டு. ஆனால் நாலு மாதம் கழித்து ஒரு கனமான உறை வந்தது. உள்ளே ஒரே நாடகத்தின் இரண்டு நகல்கள். ஒன்று ஜெர்மன் மூலம், ஒன்று எங்கள் ஊரில் நடித்த டச்சுப் பிரதி. கூடவே கடிதம்: ‘இருபது வருடப் படிப்பில் நான் கேட்காத கேள்வியை நீங்கள் கேட்டீர்கள். பதில் இதற்குள் இருக்கிறது. ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது என்று பயப்படுகிறேன்.’

கதை எளிமையானது. பணக்கார அத்தை ஒருத்தி தபால் வண்டியில் வரப்போகிறாள். அவளைப் பார்த்தே இராத மூன்று மருமகன்கள் சொத்துக்கு ஆசைப்பட்டுக் காத்திருக்கிறார்கள். அதே வண்டியில் வேலை தேடி வந்து இறங்குகிறாள் ஒரு கிராமத்துச் சமையற்காரி. அவள்தான் அத்தை என்று நினைத்து மெத்தை நாற்காலி போட்டு, கோழியும் வைனும் கொடுத்துக் காலைப் பிடிக்கிறார்கள். எழுதியவர் ஏதோ சின்ன ஊரில் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு மனிதர். வாழ்நாளில் இந்த ஒன்றுதான் எழுதினார். அது ஆம்ஸ்டர்டாமுக்குப் போய் டச்சு ஆனது. அங்கிருந்து கப்பலேறி எங்கள் கேப் டவுனுக்கு வந்தது. கோட்டையில் எழுத்து வேலை பார்த்த ஒரு குமாஸ்தா அதை இந்த ஊருக்கு ஏற்றபடி திருத்தினான். இங்கே தபால் வண்டி இல்லாததால் அத்தை மாட்டு வண்டியில் வந்தாள். கோழி ஆட்டுக்கறி ஆனது. பிறகு அதே நாடகம் ஜாவாவுக்கும் போயிருக்கிறது. அங்கே அத்தை கப்பலில் வந்து இறங்கினாளாம்.

ஆன்ட்டி வீட்டில் பேசுவது எங்கள் ஊர் ஆஃப்ரிக்கான்ஸ். அடிமைகளும் சமையற்காரிகளும் பேசிப் பேசி டச்சு மொழியிலிருந்து உண்டானது. சமையற்கட்டுப் பேச்சு என்று ஒரு காலத்தில் எள்ளினார்கள். ஆகவே டச்சுப் பிரதியை விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட முடிந்தது. ஜெர்மனுக்கு ஆன்ட்யெ வரிக்கு வரி பொருள் எழுதி அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த அன்று ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோயிலில் போதகர் உடைமாற்றும் அறையில் மேசை நிறையத் தாள்.

“எண்ணிப் பாத்தேன் வாத்தியாரே. ஜெர்மன்ல அந்தச் சமையக்காரிக்கு முப்பத்தெட்டு பேச்சு. வெளுத்து வாங்கறா, மூணு பேரையும். இங்க வந்ததும் எத்தன தெரியுமா?”

“எத்தனை?”

“ஒண்ணு. ‘நன்றி எஜமானே.’ அதையே ஏழு தரம் சொல்றா. தட்டுனா சொல்றா, திட்டுனா சொல்றா, தலையில தண்ணி ஊத்துனா சொல்றா. முகத்துல கரி பூசிக்கிட்டு ஒரு சிப்பாய் சொல்லியிருக்கான். அதுக்குத்தான் சிரிச்சிருக்காங்க.”

காரணம் ஆன்ட்யெ எழுதியிருந்தார். ஜெர்மனியில் சமையற்காரி கூலிக்காரி. இந்த ஊரில் சமையற்காரி என்றால் அடிமைப் பெண். அடிமை எஜமானை வாயடைக்கச் செய்கிற காட்சியை மேடையேற்ற குமாஸ்தாவுக்கு அனுமதி கிடைத்திருக்காது; அவனுக்கே மனமும் இருந்திருக்காது. முப்பத்தேழு வரிகளை வெட்டிவிட்டான்.

ஆன்ட்டி அழுவார் என்று நினைத்தேன். அவர் பென்சிலை மீன்கத்தியால் சீவிக்கொண்டிருந்தார்.

“வண்டி மாறிச்சு, சாப்பாடு மாறிச்சு, ஊரு மாறிச்சு. இவ வாய மட்டும் வழியில தொலைச்சிட்டாங்க. நான் தேடப் போறேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. பதினாலு மாதம். முழு நாடகத்தையும் ஜெர்மன் மூலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். அகராதியை அவ்வளவாக நம்பவில்லை. “அதுல இருக்கறது வார்த்தையோட பொணம்” என்பார். ரயிலில் எதிரே உட்காருபவர்களைக் கேட்பார். முடி திருத்தும் கடையில் தலைக்கு எண்ணெய்க் குழம்பு பூசி உட்கார்ந்திருக்கும் பெண்களைக் கேட்பார், எழுந்து ஓட முடியாதல்லவா. சவ அடக்கத்துக்கு வந்திருந்த ஒரு கிழவரிடம், ‘மெத்தைமேல உக்காந்த பூனை மாதிரி’ என்பதற்கு நம் பேச்சில் என்ன என்று கேட்டு, பெட்டி இறங்குவதற்குள் பதிலும் வாங்கிவிட்டார். கிடைத்த ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் கொடுத்தவர் பெயரை எழுதுவார். அந்தக் கையெழுத்துப் பிரதியின் ஓரங்களில் எங்கள் பேட்டையில் பாதிப் பேர் இருக்கிறார்கள். என் பெயர் இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று குறட்டைக்கான சொல்.

ஒரு வரிதான் மசியவில்லை. அதுதான் நாடகத்தின் உச்சம். உண்மையான அத்தை வேறு என்று தெரிந்ததும் மருமகன்கள் சமையற்காரிமேல் பாய்கிறார்கள்: எங்கள் சாப்பாட்டைத் தின்றாய், நன்றி சொல்! அவள் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலில் நன்றிக்கு இரண்டு சொற்கள். மருமகன்கள் கேட்பது பட்டணத்து நன்றி. அவள் கடைசியில் சொல்வது, அவள் ஊர்ச் சனங்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் நன்றி, ‘கடவுள் உனக்குத் திருப்பித் தரட்டும்’ என்று பொருள்படும்படி. எங்கள் பேச்சில் ஆன்ட்டிக்குத் தெரிந்த நன்றி ஒன்றுதான். அது குமாஸ்தா ஏழு தரம் எழுதிய அதே நன்றி.

“அத இவ வாயில மறுபடி வைக்க மாட்டேன்” என்றார். ஐந்து மாதம் அந்த இடம் வெள்ளையாகவே கிடந்தது.

கோயிலுக்கு மேலே குன்றில் மைமுனா என்று அவருடைய சிநேகிதி இருக்கிறார். ஞாயிறு விடிந்ததும் தன் வீட்டு வாசலில் கூசிஸ்டர் விற்பார். ஏலமும் இஞ்சியும் போட்டுப் பொரித்து, பாகில் தோய்த்து, தேங்காய்த்துருவல் தூவிய பலகாரம். கோயில் திறக்கப் போகும் வழியில் ஆன்ட்டி அங்கே ஆறு வாங்குவார். இருபது வருடப் பழக்கம். அந்த ஞாயிறும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார். முதுகுக்குப் பின்னால் மைமுனா எப்போதும் சொல்வதைச் சொன்னார்.

“த்ரமகாசி, மெக்கி.”

ஆன்ட்டி நின்றுவிட்டார். “இப்ப என்ன சொன்ன?”

“என்னடி, காது அடைச்சிருச்சா? நன்றின்னேன்.”

“இல்ல, அந்த வார்த்த. அது உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு?”

“எங்கிருந்து வரும்? எங்க பாட்டன் பூட்டன ஜாவாப் பக்கத்துலருந்து சங்கிலி போட்டுக் கொண்டாந்தாங்கல்ல, அப்ப வாயில வச்சுக் கொண்டாந்தது. மத்தது எல்லாத்தையும் புடுங்கிக்கிட்டாங்க. இத மட்டும் யாரும் புடுங்கல. என்னான்னு அவங்களுக்குப் புரியலல்ல.”

“எஜமானுக்கும் இதச் சொல்லுவாங்களா?”

“அவனுக்கு எதுக்கு? அவனுக்கு அவன் வார்த்த. இது நமக்குள்ள.”

ஆன்ட்டி நடைப்படியில் உட்கார்ந்து, பலகாரக் காகிதத்தைக் கிழித்து அதில் எழுதினார். மைமுனா இன்னும் ஒரு கூசிஸ்டரைக் கையில் திணித்தார். அதைச் சாப்பிட்டுக்கொண்டே அங்கேயே அந்த வரியை முடித்தார். அன்றைக்குக் கோயில் கதவு இருபது நிமிஷம் தாமதமாகத் திறந்தது. போதகரும் நானும் சபையாரும் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சதுக்கத்தில் நின்றோம். உதட்டோரம் தேங்காய்த்துருவலோடு வந்து பூட்டைத் திறந்தவர், யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. “கெடச்சிருச்சு!” என்று மட்டும் சொன்னார்.

எழுதி முடித்தாயிற்று; நடிக்க வேண்டும். எங்கே என்று எனக்குத் தெரியும், கோயிலுக்குள்ளேதான். ஆன்ட்டி சபைக் கமிட்டிக்கு விண்ணப்பம் போட்டார். அங்கே மூப்பர் செப்டம்பர் இருந்தார்.

கப்பலிலிருந்து அடிமையை இறக்கிய மாதத்தையே பெயராக வைத்துவிட்ட குடும்பங்களில் ஒன்று மூப்பருடையது. பேருந்துக் கம்பெனியில் பரிசோதகராக இருந்தவர். ‘ஆகஸ்ட் போயாச்சா சார்?’ என்று ஓட்டுநர்கள் கேட்பதை வேலைக்காலம் முழுக்கக் கேட்டவர். சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் எழுந்து, மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பேசினார்.

“சிஸ்டர் மெக்கி, ஒண்ணு கேக்கறேன். முகத்துல கரி பூசிக்கிட்டு, நம்மள மாதிரி நடிச்சு இங்க சிரிச்சாங்க. அந்தச் சுவத்துக்குள்ள ஜெபம் பண்ணிப் பண்ணித்தான் நம்ம சனங்க இதக் கோயிலாக்கினாங்க. அந்தச் சிரிப்ப நாமளே திரும்பக் கூப்பிட்டு உக்கார வைக்கணுமா? எம் பேரக் கேட்டதும் சிரிக்கறவங்கள அறுவது வருஷமாப் பாத்துட்டேன். எனக்குப் போதும்.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆன்ட்டி மெதுவாகப் பேசினார்.

“மூப்பரே, நீங்க சொல்றது நியாயம். அவங்க சிரிச்சது அந்தக் குமாஸ்தா வெட்டி ஒட்டினதுக்கு. ஜெர்மன்காரரு எழுதின சமையக்காரி இந்த ஊருக்கு இன்னும் வந்தே சேரல. இருநூறு வருஷமா அந்த மாட்டு வண்டியிலயே உக்காந்திருக்கா. பாவம், இறங்கட்டுமே.”

“இறங்கி நம்ம மானத்த வாங்கினா?”

“முன்வரிசையில நீங்க உக்காருங்க. எந்த எடத்துல கூசுதோ அங்க கைய தூக்குங்க. நிறுத்திடறேன். நிறுத்தினா நிறுத்தினதுதான். பிரதிய அலமாரியில வச்சுப் பூட்டிடறேன், இனி பேச மாட்டேன்.”

பதினாலு மாத உழைப்பை ஒரு மனிதரின் கையில் வைத்துவிட்டார். மூப்பர் நிபந்தனை போட்டார். வேஷம் கூடாது, தாளைப் பார்த்து வாசிக்க வேண்டும், சனிக்கிழமை பகலில் என்றார். “பீடத்துக்கு முன்னாடி வேணாம். ஆர்கன் பக்கமா வச்சுக்குங்க.” பழைய மேடை இருந்தது அங்கேதான் என்று அவருக்குத் தெரியாது. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வாசிப்புக்கு முந்தின ஞாயிறு நன்றி ஜெபத்துக்கு ஆன்ட்டி ஒரு துண்டுத்தாள் கொடுத்தார். போதகர் இளைஞர், எழுதியிருப்பதை அப்படியே வாசித்துவிட்டார். “ஆண்டவரே, ஜெர்மன் தேசத்துத் தபால் அலுவலர் ஒருவருக்காக நன்றி. அவர் எழுதியதைக் கப்பலேற்றி அனுப்பிய புத்தகக் கடைக்காரருக்காக நன்றி. அதை வெட்டிய குமாஸ்தாவுக்காகவும் நன்றி.” சபையார் தலைகுனிந்தபடியே ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஆர்கன் அருகே நான் கேட்டேன், குமாஸ்தாவுக்கு எதற்கு?

“என்ன இருந்தாலும் கப்பல்லருந்து இறக்கினது அவன்தான வாத்தியாரே. அவன் இறக்கலேன்னா வெட்டுப்பட்டதுன்னே நமக்குத் தெரிஞ்சிருக்காது. வாய்க்கு என்ன வாடகையா, ஒரு நன்றி சொல்லிட்டுப் போவோம்.”

சமையற்காரியாக வாசித்தது ரோலீன். பெரிய கடை ஒன்றில் காசாளர், நாற்பது வயது, சபைப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல். மருமகன்களில் நடுவன் நான். ஆள் கிடைக்கவில்லை என்றார் ஆன்ட்டி. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் நிறைந்துவிட்டது. மைமுனா தன் மகள்களோடு வந்து தூண் பக்கம் உட்கார்ந்திருந்தார். பின்வரிசைகளில் சகோதரிகள் சங்கத்துப் பெண்கள். அவர்களில் பாதிப் பேராவது ஏதோ ஒரு வீட்டில் தட்டு ஏந்தி நின்றவர்கள். முன்வரிசையில், சாம்பல் நிறக் கோட்டில், தனியாக மூப்பர்.

முதல் அங்கம் நன்றாகவே போனது. குறட்டைக்கான என் சொல்லுக்கு ஒரு சிரிப்பு கிடைத்தது. ரோலீன் வண்டியிலிருந்து இறங்கினாள். மெத்தை நாற்காலியில் உட்கார வைத்தோம். எங்கள் ஒவ்வொரு முகஸ்துதிக்கும் அவள் கொடுத்த பதில்களில் பின்வரிசை குலுங்கியது. மூப்பர் அசையவில்லை. கை இரண்டும் முழங்கால்மேல் இருந்தன. ஆன்ட்டி ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து வரிக்கு வரி உதட்டசைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் அங்கம். உண்மை வெளிப்பட்டது. அந்த வரியைச் சொல்ல வேண்டியவன் நான்.

“கோழி தின்னியே, வைன் குடிச்சியே, எங்க நாற்காலியில உக்காந்தியே! நன்றி சொல்லு! மண்டி போட்டு நன்றி சொல்லு!”

மூப்பரின் வலது கை மேலே போனது.

அவ்வளவுதான். கோயிலில் இருநூறு பேர் அந்தக் கையைப் பார்த்தார்கள். சன்னல்களைக் காற்று தட்டுவது கேட்டது. ரோலீன் ஆன்ட்டியைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூப்பரின் முகத்தில் கோபம் இல்லை. வலி இருந்தது. மண்டி போடு என்ற சொல்லை அவர் வேறு யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது.

ஆன்ட்டி முக்காலியிலிருந்து எழுந்தார். சாவிவளையம் குலுங்கியது.

“மூப்பரே, சொன்ன வார்த்த மாற மாட்டேன். நிறுத்திடறேன். ஆனா அவன் கேட்டதோட நிறுத்தினா, கடைசியாப் பேசினது அவனா ஆயிடும். போன தடவையும் இங்கதான் நிறுத்தினாங்க. அவ பதில மட்டும் கேட்டுடுங்க. அதுக்கப்புறமும் கை மேலயே இருந்தா எல்லாரும் வீட்டுக்குப் போவோம்.”

மூப்பர் கையை இறக்கவில்லை. ஆனால் தலையை ஒரு தரம் அசைத்தார்.

ரோலீன் தாளைக் கீழே வைத்துவிட்டாள். அந்த வரி அவளுக்கு மனப்பாடம். என் பக்கம் திரும்பி, கடையில் சில்லறை இல்லை என்று தகராறு செய்கிறவரிடம் பேசுகிற நிதானத்தில் ஆரம்பித்தாள்.

“நான் எதுக்குங்கய்யா சொல்லணும்? கோழி அத்தைக்குப் பொரிச்சது. வைன் அத்தைக்கு ஊத்தினது. நாற்காலியும் அத்தைக்குப் போட்டது. அத்தை வருவா, அவளக் கேளுங்க, அவ சொல்லுவா உங்க நன்றி. எனக்குன்னு நீங்க இன்னும் ஒண்ணுமே குடுக்கலையே! குடுத்துப் பாருங்க, யாரும் கேக்காமலே நானே சொல்றேன்...” நிறுத்தினாள். “த்ரமகாசி.”

முதலில் சிரிப்பு வரவில்லை. பின்வரிசைப் பெண்களிடமிருந்து ‘ஆங்’ என்று ஒரு சத்தம் வந்தது, முதுகிலிருந்து மூட்டையை இறக்கும்போது வருமே அந்தச் சத்தம். அப்புறம் தூண் பக்கத்தில் மைமுனா தொடையில் அடித்துக்கொண்டு, “நம்ம வார்த்தடி!” என்று கத்தினார். அதில் உடைந்தது. வரிசை வரிசையாக முன்னால் வந்தது சிரிப்பு. சகோதரிகள் சங்கத்தில் ஒரு அம்மா எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி என்னைப் பார்த்து ஆட்டினார். நான் திட்டு வாங்கிய மருமகனாக, முகத்தில் அசட்டுத்தனம் வழிய நின்றேன். நடிப்பு தேவைப்படவில்லை. என் வாழ்க்கையில் நான் வாசித்த எந்த இசைக்கும் அப்படி ஒரு சத்தம் பதிலாகக் கிடைத்ததில்லை. அதன் நடுவில் நின்றேன் என்பதற்காக ஆன்ட்டிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவரிடமே சொன்னேன்; “ஆள் கெடைக்கலன்னுதான உங்களப் போட்டேன்” என்று சிரித்தார்.

சிரிப்பு ஓயும் வரை மூப்பரின் கை மேலேதான் இருந்தது. மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். பிறகு அந்தக் கையையே திருப்பி, கமிட்டிக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு ஓட்டுப் போடுவதுபோல் நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அவ சொல்றது சரிதான. மேல வாசிங்க.”

வாசித்தோம். மூன்றாம் அங்கத்தில், அத்தை சமையற்காரியையே வேலைக்கு வைத்துக்கொள்ள, அவள் மருமகன்களுக்கு வேலை கொடுக்கிற இடத்தில், முன்வரிசையிலிருந்து, நெடுநாள் திறக்காத இழுப்பறை திறப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அது மூப்பரின் சிரிப்பு என்று தெரிய எங்களுக்குச் சற்று நேரம் ஆனது.

இது போன மார்ச்சில். ஆன்ட்யெக்குப் பதினோரு பக்கம் கடிதம் போனது. அதற்குப் பிறகு மூன்று ஊர்களில் வாசித்துவிட்டோம். ஜெர்மனியிலிருந்து, நாடகம் எழுதிய தபால் அலுவலரின் ஊரிலிருந்தே, அழைப்பு வந்திருக்கிறது. ஆன்ட்டி இன்னும் திருத்துகிறார். மச்சான் என்பது மூன்றாம் அங்கத்தில் ஒரு வரியில் போய் உட்கார்ந்துவிட்டது. ஓரத்தில் தாவூதின் பெயர் இருக்கிறது.

எனக்கு அந்த முதல் சனிக்கிழமையின் முடிவுதான் அடிக்கடி நினைவுக்கு வரும். எல்லாரும் கீழ்க்கூடத்துக்கு இறங்கியிருந்தோம். ஆன்ட்டி வழக்கம்போல் தேநீர் ஊற்றச் சமையலறைக்குப் போனார். சகோதரிகள் சங்கத்துப் பெண்கள் அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பி, கதவைச் சாத்திவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் சன்னலோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு திறந்து மூப்பர் செப்டம்பர் வந்தார். ஒரு கையில் கோப்பை, அதற்கடியில் தட்டு, தட்டில் பிஸ்கட். பழக்கமில்லாத கை, தட்டில் பாதித் தேநீர் தளும்பியிருந்தது. குனிந்து நீட்டினார். ஆன்ட்டி வாங்கி, ஒரு வாய் குடித்தார். உதட்டைச் சப்பிப் பார்த்தார். கோப்பையை அவரிடமே திருப்பி நீட்டினார்.

“சர்க்கர பத்தல மூப்பரே. இன்னும் ரெண்டு கரண்டி.”

மூப்பர் கோப்பையை வாங்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினார். ஆன்ட்டி காலணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். எதிரே காலியாக இருந்த நாற்காலியை இழுத்து, இரண்டு காலையும் அதன்மேல் நீட்டிக்கொண்டார்.